சேர்வரின் பின்பக்கத்து வாசல்கள்

 

பிள்ளைகளின் படிப்பு, வீட்டுப் பழக்கவழக்கங்கள் என்று எழுதி வரும் இந்தப் பக்கத்தில், இம்மாதம் ஓர் இயந்திரத்தின் முதுகுப் புறத்தைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். இன்று பாடசாலை, மதரஸா, பள்ளிவாசல் நிர்வாகம், மொத்த வியாபாரக் கடை என்று பல இடங்களிலும் ஒரு மூலையில் சேர்வர் இருக்கிறது. பல கணினிகளுக்கும் பொதுவான பதிவேடுகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கணினிதான் சேர்வர். அது வாய் மூடிவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் குண்டசாலையில் நான் கற்பிக்கும் பாடசாலையில் பட்டு அறிந்தேன்.

எங்கள் சேர்வர் கொழும்பில் ஒரு நிறுவனம் பாவித்துக் கழித்தது. பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்தார்கள். கணினி படித்த எங்கள் மாணவர் ஒருவர், ஒரு சதமும் வாங்காமல் அதைப் பூட்டி, பிள்ளைகளின் புள்ளிகள், வரவுப் பதிவு, நூலகப் பட்டியல் அனைத்தையும் ஏற்றித் தந்தார். பின்னர் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒரு தவணை இறுதியில் கணினி அறைக்கு வெள்ளையடித்தோம். மேசையை நகர்த்துவதற்காகச் சேர்வரின் பின்னாலிருந்த வயர்களைக் கழற்றி, வேலை முடிந்ததும் திருப்பிச் செருகினோம். "எல்லா ஓட்டையும் ஒரே மாதிரித்தானே மவ்லவி" என்றார் உதவிக்கு நின்றவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலை எந்தக் கணினியிலும் புள்ளிகளைத் திறக்க முடியவில்லை. தேர்ச்சி அறிக்கை அச்சிட வேண்டிய வாரம் அது. திகன பக்கமிருந்து ஒரு தந்தை வந்திருந்தார். மகளை வேறு பாடசாலையில் சேர்ப்பதற்கு விடுகைப் பத்திரமும் புள்ளி விவரமும் தேவை. மேசன் வேலைக்குக் கூடப் போகும் கூலியாள். அன்றும் வெறுங்கையோடு திரும்பினார், மறுநாளும் திரும்பினார். இரண்டு நாள் கூலி அவருக்கு இல்லாமல் போனது. "பரவாயில்லை சேர்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆசிரியர் அறையில் பழி முழுவதும் கட்டாருக்குப் போனவர் மீது விழுந்தது. "எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அந்த மூன்று நாட்களில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லி விடுகிறேன்.

ஒரே முகம், வேறு வேறு வேலை

எங்கள் இயந்திரத்தின் பின்புறம், தாய்ப்பலகையோடு சேர்ந்தே வந்த நான்கு வலையமைப்பு வாசல்கள் வரிசையாக இருக்கின்றன. போர்ட் என்று சொல்வது இவற்றைத்தான். 1, 2, 3, 4 என்று சிறிய எழுத்தில் பொறித்திருக்கும். சற்றுத் தள்ளித் தனியே ஐந்தாவது வாசல் ஒன்று உண்டு. அது நிர்வாக வாசல். எல்லாவற்றிலும் ஒரே வகை வயர் நுழையும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த தனி அடையாள எண் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுக்கும் வேலையும் தனியானது. ஒரு வீட்டின் முன்வாசலும் குசினி வாசலும் ஒரே அளவில் இருப்பதனால் விருந்தாளியைக் குசினிப் பக்கமாக அழைத்து வருவதில்லை அல்லவா?

இந்த வயர் முறை பழையது. அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் 1973இல் ரொபர்ட் மெட்காஃப், டேவிட் பொக்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் 1983இல் பொது நியமமாயிற்று. இன்று நாம் பாவிக்கும் செப்பு வயரில் விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் அனுப்பும் முறை 1999இல் நியமமானது. நமது நாட்டில் 1990இல் டொட் எல்கே என்ற இணைய முகவரிக் குடும்பம் பதிவாயிற்று. அதே காலத்தில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் மின்னஞ்சல் தொடங்கியது. பொதுமக்களுக்கான இணைய சேவை 1995இல் வந்தது. அன்று பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதாக இருந்த வேலை, இன்று கிராமத்துப் பாடசாலை எழுதுவினைஞரின் மேசைக்கு வந்துவிட்டது.

விளக்கு எரிந்தால் போதாது

வயரைச் செருகியதும் வாசலின் ஓரத்தில் சின்ன விளக்கு எரியும். தகவல் போய் வரும்போது கண் சிமிட்டும். எங்கள் சேர்வரில் அன்று இரண்டு வாசல்களிலும் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. அதைப் பார்த்து, "வயரில் குறையில்லை, இயந்திரத்தில்தான் கோளாறு" என்று நாங்கள் முடிவு கட்டினோம். அங்கேதான் தவறினோம். வயரின் இரு முனையிலும் உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே விளக்கு சொல்லும். சரியான வயர் சரியான வாசலில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குள் எட்டு நூல்கள் உள்ளன. வழமையான வரிசை இதுதான்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும். ஒரு வயர் 100 மீற்றருக்கு மேல் போகலாகாது. ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கு எட்டு நூல்களும் வேண்டும். நூறுக்கு நான்கே போதும். ஆகவே ஒரு நூல் அறுந்தால் பல வேளைகளில் இணைப்பு அறவே நிற்காமல் வேகம் மட்டும் இறங்கிவிடும். "இன்று கணினி மந்தம்" என்று பிள்ளைகள் சொன்னால், முதலில் வயரின் முனையைப் பாருங்கள்.

முதலாம் வாசல்: மாறாத விலாசம்

ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விலாசம் வேண்டும். எங்கள் முதலாம் வாசலின் விலாசம் 192.168.10.5. பின்னால் 255.255.255.0 என்று இன்னோர் எண் வரும். முதல் மூன்று எண்களும் தெருப் பெயர், கடைசி எண் வீட்டு இலக்கம் என்பதை அது காட்டுகிறது. ஒரே தெருவில் உள்ள கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். 192.168 என்று தொடங்குபவை உள்வீட்டுப் பாவனைக்காக 1996இலேயே ஒதுக்கப்பட்டவை. யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சாதாரண கணினிகளுக்கு விலாசத்தை ரவுட்டர் தானாகவே வழங்கும். இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று அது மாறலாம். சேர்வருக்கு அது ஆகாது. 2022 மார்ச் மாத இறுதியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களில் மின்சாரம் திரும்பும்போதெல்லாம் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக விழித்தெழுகின்றன. சேர்வருக்கு அப்போது புது விலாசம் கிடைத்தால், பழைய விலாசத்தைத் தேடும் கணினிகள் வெறும் வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சேர்வருக்குக் கையால் எழுதிய நிலையான விலாசமே வேண்டும். அந்த எண்ணை வேறு எவருக்கும் கொடுக்காதபடி ரவுட்டரின் வழங்கும் பட்டியலிலிருந்து ஒதுக்கியும் வைக்க வேண்டும்.

இதோடு 'கேட்வே' என்ற ஒன்றையும் கேட்கும். நம் தெருவுக்கு வெளியே போக வேண்டியவை எந்த வழியால் போவது என்ற கேள்வி அது. பெரும்பாலும் ரவுட்டரின் விலாசமே பதில். இங்கே ஒரு விதியை மனதில் இருத்துங்கள்: சாதாரண சேர்வரில் எத்தனை வாசல் இருந்தாலும் கேட்வே ஒரே ஒரு வாசலுக்குத்தான். எங்களுக்கு உதவி செய்ய நல்லெண்ணத்தோடு வந்த ஒரு பெற்றார், இரண்டாம் வாசலுக்கும் முதலாம் வாசலின் தெருவிலேயே விலாசம் கொடுத்து, கேட்வேயையும் எழுதிவிட்டார். ஒரு வாசலால் வந்த கேள்விக்கு மறு வாசலால் பதில் போகத் தொடங்கியது. ஐந்து நிமிடம் வேலை செய்யும், பத்து நிமிடம் நின்றுவிடும். அறவே வேலை செய்யாததைக் கண்டுபிடிப்பது எளிது. இப்படி வந்து வந்து போவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இரண்டாம் வாசல்: இரு பாவனைகள்

மீதமுள்ள வாசல்களை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, இரு வாசல்களைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது. ஒரு வயர் அறுந்தாலும் மற்றது சுமக்கும். இதிலும் இரு வகை. ஒன்று உழைக்க மற்றது காத்திருக்கும் வகைக்குச் சாதாரண சுவிட்ச் பெட்டியே போதும். இரண்டும் சேர்ந்து உழைக்கும் எல்-ஏ-சி-பி முறை 2000ஆம் ஆண்டு நியமமானது. அதற்குச் சுவிட்சும் அந்த மொழி அறிந்ததாக இருந்து, அந்தப் பக்கத்திலும் அதே மாதிரி அமைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அமைத்தால் வேலை கெடும். மேலும், இரண்டு வயர் கட்டினால் ஒருவர் எடுக்கும் ஒரு கோப்பு இரட்டிப்பு வேகத்தில் வரும் என்று நம்பாதீர்கள். ஒரு கோப்பு ஒரு வயரால்தான் வரும். பலர் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் பலன் தெரியும்.

மற்றது, இரண்டாம் வாசலைப் பிரதி எடுப்பதற்கென்று ஒதுக்குவது. எங்கள் மாணவர் செய்திருந்தது இதைத்தான். இரண்டாம் வாசலுக்கு 192.168.20.5 என்று வேறு தெருவில் விலாசம் கொடுத்து, கேட்வே இல்லாமல், பிரதிகளைச் சேமிக்கும் பெட்டியோடு நேரே இணைத்திருந்தார். இரவில் பிரதி ஓடும்போது வகுப்பறை வழியில் நெரிசல் இல்லை. பிள்ளைகளின் கணினிகளிலிருந்து அந்தப் பெட்டியை நேரே தொடவும் முடியாது.

பிரதியின் பெறுமதியை நமது நாடே ஒருமுறை அனுபவித்தது. 2023இல் அரசின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குரிய பிரதி கையில் இருக்கவில்லை. ஆகவே தனி வாசலில் பிரதி எடுப்பதோடு நில்லாமல், வாரம் ஒருமுறை வெளியே கழற்றி வைக்கும் டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுங்கள். வயரில் தொங்கும் பிரதிக்கு வைரஸ் வயர் வழியாகவே வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. மிஞ்சிய வயர் ஒன்றின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிடாதீர்கள். வலையமைப்பில் எல்லோருக்குமாக அனுப்பும் அழைப்பு அந்த வட்டத்தில் ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, எல்லாக் கணினிகளையும் மூச்சுத் திணற வைக்கும். சேர்வரின் இரு வாசல்களைப் பாலம் போல இணைத்து, இரண்டையும் ஒரே சுவிட்சில் பூட்டினாலும் இதே கதைதான். வட்டத்தைக் கண்டு தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் வகுத்தார். ஆனால் மலிவான சுவிட்சுகள் பலவற்றில் அது இல்லை. இருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், அளவு மீறி வளர்ந்த வலையமைப்பில் அந்தத் தடுப்பு முறை செயலிழந்தது. வைத்தியர்களும் தாதியரும் சுமார் நான்கு நாட்கள் காகிதத்தையும் பேனாவையும் நம்பி வேலை செய்ய நேர்ந்தது. வயரின் சுற்றுவழி எத்தனை பெரிய விடயம் என்பதற்கு இது போதும்.

தனித்து நிற்கும் வாசல்

ஐந்தாவது வாசலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சேர்வரை அணைத்து வைத்திருந்தாலும், சுவரில் மின்சாரம் இருக்கும் வரை இந்த வாசல் விழித்திருக்கும். தூரத்திலிருந்து சேர்வரை ஏற்றலாம், அணைக்கலாம், அதன் திரையையும் பார்க்கலாம். வீட்டின் மாற்றுச் சாவி மாதிரி. சில இயந்திரங்களில் இந்த வேலையை முதலாம் வாசலோடு பங்கு போடவும் அமைக்கலாம். நாம் அறியாமலே அப்படி அமைந்திருந்தால், வகுப்பறை வயரிலேயே மாற்றுச் சாவி தொங்குகிறது என்று பொருள். சேர்வர் ஏறும்போது வரும் ஆரம்ப அமைப்புத் திரையில் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சாவியை யார் கையில் கொடுப்பது? டெல் நிறுவனத்தின் சேர்வர்கள் நீண்ட காலம் உலகெங்கும் ஒரே கடவுச்சொல்லோடு வந்தன. அந்தச் சொல் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. மாற்றாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். 2013இல் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே, இத்தகைய நிர்வாக வாசல்களை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம் என்று எச்சரிக்கை விடுத்தது. ஆகவே முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுங்கள். இதற்கு மூன்றாவது தெருவொன்றைக் கொடுங்கள். இணையத்தின் பக்கம் திருப்பவே வேண்டாம். பாவிக்கத் தெரியாவிட்டால் வயரைச் செருகாமல் விடுவதே மேல்.

இடியும் வயரும்

நம் கண்டிப் பகுதிக்கென்று இன்னொரு விடயம் உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர மழையோடு வரும் இடி. ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு வெளியால் இழுத்த செப்பு வயர், மின்னலின் அதிர்வைச் சேர்வரின் வாசல் வரை கொண்டு வந்துவிடும். தாய்ப்பலகையோடு சேர்ந்த வாசல் கருகினால் அந்த வாசலை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. பலகையையே மாற்ற வேண்டும், அல்லது மேலதிக அட்டை ஒன்றைப் பூட்ட வேண்டும். கட்டடங்களுக்கிடையே மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை வயரைப் போடுவதே நல்லது. செலவு சற்றுக் கூடும். சேர்வரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

கட்டாரிலிருந்து வந்த அழைப்பு

மூன்றாம் நாள் இரவு, அதிபரின் அனுமதியோடு கணினி அறையில் இருந்தேன். இங்கே ஒன்பதரை மணி, அங்கே ஏழு. வேலை முடிந்து வந்த கையோடு எங்கள் மாணவர் தொலைபேசியில் பேசினார்.

"மவ்லவி, ஒரு வயரைக் கழற்றுங்கள். திரையில் எந்தப் பெயரில் சிவப்புக் குறி விழுகிறது?"

திரையில் வரும் பெயரும் முதுகில் பொறித்த இலக்கமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். வகுப்பறை வயர் இரண்டாம் வாசலிலும், பிரதிப் பெட்டியின் வயர் முதலாம் வாசலிலும் இருந்தன. இரண்டையும் மாற்றிச் செருகினேன். பிறகு நடுவில் எழுதப்பட்ட தவறான விலாசத்தையும் கேட்வேயையும் நீக்கினோம். இருபது நிமிட வேலை. புள்ளிகள் வந்துவிட்டன.

மறுநாள் காலை அந்தத் தந்தையை அழைத்து, மகளின் பத்திரங்களை அதிபர் கையால் கொடுத்தோம்.

இப்போது நான் வாய் திறக்காமல் இருந்த காரணம். அந்த இளைஞர் போவதற்கு முந்திய வாரம், "மவ்லவி, எந்த வாசலில் எது என்று ஒரு தாளில் எழுதி வைப்போம், அரை மணி நேரம் இருங்கள்" என்று கேட்டார். எனக்கு வேறு வேலை இருந்தது. "பிறகு பார்ப்போம்" என்றேன். அந்தப் பிறகு வரவே இல்லை. பழியை அவர் சுமந்துகொண்டிருந்தார், நான் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் இடைவேளையில் எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னேன். அவருக்கும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இப்பவாவது எழுதுங்கள் மவ்லவி" என்றார்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன் நான். எழுதாமல் விட்டதன் நட்டம் ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளமாக வந்து நின்றது. பிறருடைய பிள்ளைகளின் பதிவேடுகள் நம்மிடம் அமானத். அவற்றுக்குப் போகும் வழி ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கலாகாது.

உங்கள் பாடசாலையிலோ கடையிலோ சேர்வர் இருந்தால், இந்த மாதமே ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்:

1. ஒவ்வொரு வாசலின் இலக்கம், திரையில் அதன் பெயர், அதன் அடையாள எண்.
2. அதில் வரும் வயர் எங்கிருந்து வருகிறது, வயரின் நிறம் என்ன. வயரின் இரு முனையிலும் இலக்கம் ஒட்டுங்கள்.
3. அதன் விலாசம், கேட்வே எந்த வாசலில் என்பது.
4. எந்த வாசல் எந்த வேலைக்கு.
5. அமைத்தவர் யார், கடைசியாக மாற்றிய திகதி எது.

கடவுச்சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம். அதை மூடிய உறையில் இட்டு அதிபரின் அலுமாரியில் வையுங்கள். தாள் தயாரானதும், அதைப் பார்த்து, அந்த வேலையே அறியாத ஒருவரால் வயர்களைக் கழற்றித் திருப்பிச் செருக முடிகிறதா என்று விடுமுறை நாளொன்றில் சோதியுங்கள். முடிந்தால்தான் அது நல்ல தாள்.

எங்கள் தாள் இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் சேர்வர் அலுமாரிக் கதவில் தொங்குகிறது. வெள்ளையடிக்க வந்தவரும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வயரில் கை வைக்கிறார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.